வெள்ளிங்கிரி வீட்டு ரெக்கை

உங்க ஐஸ் பெட்டி இன்னும் காலியா ஓடிட்டேதானுங்க இருக்குது. பிளக்கைப் புடுங்கணும்னு யாருக்கும் தோணலை. நேத்துப் பொழுதோட வந்து எடுத்துட்டுப் போயிருவீங்கன்னு பாத்தேன். பரவாயில்லைங்க, உங்களுக்கும் நாலு எடத்துல சாவு இருக்குமல்ல. உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், வீடு இன்னும் கழுவி விடலை. கழுவி விட ஆளில்லை.

பாத்து, பாத்து. சித்த ஒதுங்கி வாங்க, மூக்குல இடிச்சுக்குவீங்க. உங்க மூக்கைச் சொல்லலைங்க, ஏரோப்ளேன் மூக்கு. அதுல இருக்கற விசிறி, மரத்துல செஞ்சது, சும்மா நிக்கறப்பவே தொட்டா கையைக் கிழிச்சுப் போடும்.

எல்லாரும் இதைப் பாத்தா இப்படித்தானுங்க வாயைப் பொளந்துட்டு நிப்பாங்க. பொம்மைன்னு நினைச்சுக்காதீங்க. ரெண்டாவது உலகச் சண்டையில இங்கிலீஷ்காரன் ஓட்டின ஸ்பிட்ஃபயர். நெசமான ப்ளேன்ல நாலுல ஒரு பங்கு. பெட்ரோல் இன்ஜின், மரம் அறுக்கற மெஷின்ல வருமே, அந்த ஜாதி. பாடி இங்க ஸ்டாண்டு மேல இருக்குது. அந்தா செவுத்தோரமா மெத்தையில படுத்திருக்கறது ரெக்கை. இடது ஒண்ணு, வலது ஒண்ணு.

ஒரு ஒத்தாசை பண்றீங்களா? பெட்டியை வண்டியில ஏத்தறதுக்கு முந்தி ரெக்கையைப் பூட்டிரலாம். இதுக்கு ரெண்டு ஆள் வேணுமுங்க. ஒருத்தன் முனையைத் தாங்கணும், இன்னொருத்தன் உள்ள கையை விட்டு போல்ட்டை முடுக்கணும். நேத்திருந்து ஒரு சனம் என்ற வாசப்படி ஏறலை. இவ்வளவு நாள் காத்திருந்து ரெக்கை வந்து சேந்திருக்குது, பூட்டறதுக்கு ஆளில்லைன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க.

நல்லதுங்க. மொதல்ல இடதைத் தூக்குவோம். மெதுவா. உள்ள பூரா லேசான மரம், மேல ஒட்டியிருக்கறது வெறும் சவ்வு, வெரல் பட்டாப் பொத்துரும். இங்க வைங்க, பெட்டி மூடி மேலயே வைங்க. கண்ணாடின்னாலும் கெட்டியாத்தான் இருக்குது. வேற எதுலயும் இந்த உயரம் கெடைக்காது.

ஆமாங்க, என்ற தங்கச்சிதான். கூடப் பொறந்தது ஒண்ணே ஒண்ணு. சாந்தாமணின்னு பேரு. பெட்டிக்குள்ள பாத்திருப்பீங்களே. இல்லையா? பெட்டியைக் கொண்டாந்து எறக்கினது வேற ஆளா. சரி.

அவ புருசன் பேரு வெள்ளிங்கிரி. என்ற மச்சான். ரெண்டு வழியில மச்சானுங்க. என்ற தங்கச்சியை அவனுக்குக் குடுத்தோம், அவன் தங்கச்சி பூங்கோதையை நான் கட்டுனேன். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம். எங்க பக்கம் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறது உண்டுங்க. அதுல ஒரு சவுகரியம், அந்த வீட்டுல நம்ம பொண்ணை ஒரு சொல் சொன்னா இந்த வீட்டுல அவங்க பொண்ணுக்கு ரெண்டு சொல் விழும். அதனால யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எங்களுக்குள்ள அப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை, இந்த ப்ளேன் வர்ற வரைக்கும்.

குழாயைப் பாத்தீங்களா, அலுமினியக் குழாய்? இது பாடிக்குள்ள குறுக்கால போயி ரெக்கைக்குள்ள நுழையணும். நீங்க முனையை மட்டும் தூக்கிப் புடிச்சுட்டு மெதுவாத் தள்ளுங்க. நிறுத்துங்க. ஒயரு மாட்டிக்கிச்சு. ம், இப்பத் தள்ளுங்க.

இதை நானும் அவனும் சேந்துதானுங்க வாங்குனோம். எனக்கு லேத்துப் பட்டறை, அவனுக்கு அன்னூர்ப் பக்கம் வாழைத் தோட்டம். ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல இருந்து சூலூர்ப் பக்கம் ப்ளேன் எறங்கறதை வேலியோரமா நின்னு பாக்கற கிறுக்கு. ப்ளேன் பார்சல் வந்தப்ப உள்ள பூரா குச்சிக் குச்சியா மரத்துண்டு. கூட வந்த வரைபடத்தை விரிச்சு, அது மேல பாலித்தீன் காயிதத்தைப் போட்டு, ஒவ்வொரு குச்சியா ஒட்டணும். பாடி நான் செய்யறது, ரெக்கை அவன் செய்யறதுன்னு பிரிச்சுக்கிட்டோம். பொய் சொல்லக் கூடாது, அவனுக்குக் கை சுத்தம். வாழைக்கு மண்ணு வெட்டற கை அது, ஆனா சவ்வை இஸ்திரிப் பெட்டி வெச்சு ஒட்டுனான்னா ஒரு சுருக்கம் இருக்காது. ஞாயித்துக்கெழமை ஆனா ரெக்கையை வண்டியில வெச்சுக் கொண்டாந்துருவான். மாட்டிப் பாப்போம், கழட்டுவோம். பொம்பளைங்க ரெண்டு பேரும் சமையக்கட்டுல உக்காந்து எங்களைப் பத்திச் சிரிச்சுட்டிருப்பாங்க. நல்லாத்தான் இருந்துதுங்க அப்ப.

சண்டையா? சண்டைன்னு சொல்ல முடியாது. இங்க பாருங்க, பைலட் உக்கார்ற எடத்துக்குக் கீழ, இடது பக்கம். படிங்க. ஆமா, என்ற பேருதான். 'பிளைட் லெப்டினன்ட் சென்னியப்பன்'. சண்டை ப்ளேன்ல அந்தக் காலத்துல ஓட்டறவன் பேரை அங்கதான் எழுதுவாங்க. மச்சான் பழனிக்குப் போயிருந்தப்ப ஸ்டிக்கர் வெட்டற பையனை வரச் சொல்லி ஒட்டிப்புட்டேன். வலது பக்கம் சும்மாத்தான் கெடந்துது, அவன் பேரை அங்க எழுதிக்கட்டுமே, நான் வேண்டாம்னா சொன்னேன்? அவன் வந்தான், பாத்தான். பிரசாதத்தைப் பூங்கோதை கையில குடுத்தான். ஒரு வார்த்தை பேசலை. ரெக்கை ரெண்டையும் கழட்டி வண்டியில வெச்சுட்டுப் போயிட்டான்.

நீங்களே சொல்லுங்க, பேசாமப் போனா என்ன அர்த்தம்? திட்டிட்டுப் போயிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டு மறந்திருப்பேன்.

நான் உடனே ஒண்ணும் செய்யலை. வரட்டும்னு பாத்தேன். ரெண்டு ஞாயிறு போச்சு. அப்பறம் பூங்கோதைகிட்டச் சொன்னேன், உங்கண்ணன் வீட்டுக்குப் போயி ரெக்கையை வாங்கிட்டு வா, வாங்காம வராதேன்னு. அவ சிரிச்சா. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சுட்டா. ஏனுங்க, ஒரு பிளாஸ்டிக் பேருக்காகவான்னு கேட்டா. பிளாஸ்டிக்குன்னு சொல்றா பாருங்க. பையை எடுத்துக் கையில குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். அவன் குடுக்கலை. அவளும் வரலை. நான்தான வாங்காம வராதேன்னு சொல்லியிருக்கறேன், ரோசக்காரி, வருவாளா?

இந்தப் பக்கம் வாங்க, இப்ப வலது ரெக்கை. அதையும் பெட்டி மேல வெச்சுத்தான் தள்ளணும். பெட்டியை அப்படியே நகத்திக்கலாம், சக்கரம் இருக்குதல்ல. ஐயோ, இன்னும் சில்லுன்னு இருக்குது பாருங்க. இப்பவாவது அந்த சுவிட்சை அமத்துங்க.

ஆடி மாசத்துல என்ற தங்கச்சி வந்தா. தானா வந்தா, யாரும் அனுப்பலை. ஒரு கட்டைப் பையில ரெண்டு சீலையோட வந்து, அண்ணா, நான் சொன்னா அவர் கேப்பாரு, நீ ஒருக்கா அன்னூருக்கு வா, வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போ, அது போதும்கறா. நான் எதுக்குப் போகணும்? தப்பு அவன் மேல. நான் சொன்னேன், அம்மணி, நீ இங்கயே இரு, நீ இங்க இருந்தீன்னா அவன் தானா ரெக்கையைத் தூக்கிட்டு ஓடி வருவான்னு. அவளுக்கும் அது சரின்னுதான் பட்டிருக்கணும். எதுத்து ஒண்ணும் பேசலையே. ரெண்டு தடவை பையைத் தூக்கிட்டுக் கெளம்புனா, நான் வேண்டாம்னேன், நின்னுட்டா. அண்ணன் சொல்லைத் தட்ட மாட்டா. அப்படி ஒரு பொறப்பு.

நல்லாப் பாத்துக்கிட்டனுங்க. யாரு வேணாலும் என்ன வேணாலும் பேசட்டும். அவளுக்கு நெஞ்சுல வால்வு மாத்துனது. அதுக்கு மாத்திரை உண்டு, மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாக்கணும், அதெல்லாம் வெள்ளிங்கிரிதான் வண்டியில வெச்சுக் கூட்டிட்டுப் போவான். மாத்திரை தீந்துச்சுன்னு சொன்னா. அட்டையைக் கொண்டுபோயிக் காட்டி அதே மாத்திரை வாங்கிக் குடுத்தேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரத்தம் பாக்கறதுதான் விட்டுப் போச்சு. இன்னைக்கோ நாளைக்கோ மச்சான் வரப்போறான், அவனுக்கு டாக்டரு பழக்கம், அவனே கூட்டிட்டுப் போகட்டும்னு இருந்தேன். அவன் வரலை. தெனம் போன் மட்டும் பண்ணுவான். அவ போனைத் தூக்கிட்டுக் கெணத்துப் பக்கம் போயிருவா. என்ன பேசுவாங்களோ. எங்கிட்ட வந்து, அவரு மருந்து கேக்கறாரு அண்ணா, ஆஸ்பத்திரி கேக்கறாரு அண்ணாம்பா. ரெக்கையைப் பத்தி ஒண்ணும் கேக்கலையான்னு நான் கேப்பேன்.

கால் வீங்கியிருந்துச்சு, அது எனக்கும் தெரியும். நாள் பூரா அடுப்படியில நின்னா வீங்கத்தான செய்யும்? படுத்தா மூச்சு முட்டுதுன்னு செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டே தூங்குவா. ஏசி ரூம்ல படுக்க வெச்சிருக்கலாமேன்னு நேத்து வந்த பொம்பளைங்க பேசறாங்க. இருக்கறதே ஒரு ஏசி ரூம், அதுல ப்ளேன் பாடி இருந்துச்சு. இந்த மரத்துக்கு ஈரக்காத்துப் பட்டா முறுக்கிக்குமுங்க. ஒரு நூல் அளவு முறுக்குச்சுன்னாப் பறக்காது, தலைகுப்புற விழும். அதெல்லாம் அவங்களுக்கு என்ன தெரியும்? சாந்தாமணிக்குத் தெரியும். அவளே சொல்லுவா, அது உள்ளயே இருக்கட்டும் அண்ணா, நான் ஹால்ல இருந்துக்கறேன்னு.

தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். உங்களுக்கு நல்லாப் புடிக்கத் தெரியுதுங்க, கை நடுங்கலை. உங்க தொழில்ல பழகியிருக்கும்.

முந்தாநாள் காலையில இன்ஜினை ஓட்டிப் பாத்தேன். ரெக்கை இல்லைன்னாலும் இன்ஜின் ஓடுமல்ல. பின்னாடி பட்டறைக் களத்துல வெச்சு, வாலைத் தூணோட சேத்துக் கயித்துல கட்டிட்டேன். கட்டியிருந்தாலும் ஆள் ஒண்ணு வாலை அமுக்கிப் புடிக்கணும், இல்லைன்னா வாலு தூக்கிட்டு மூக்குக் குத்திக்கும். பட்டறைப் பசங்க இன்னும் வரலை. சாந்தாமணியைக் கூப்பிட்டேன். வந்தா. முந்தானையை இடுப்புல சொருகிட்டு, மண்டி போட்டு, ரெண்டு கையாலயும் புடிச்சா. பயமா இருக்குது அண்ணான்னா. நான் இருக்கறேன் புடின்னேன்.

விசிறியைத் தட்டி விட்டதும் ஒரே சுத்துல புடிச்சுக்கிச்சுங்க. அடேங்கப்பா, என்ன சத்தம்! பொகை அடிச்சுது. மொதல்ல குமுறிச்சு, இருமுச்சு. நான் கார்புரேட்டர் ஊசியைத் திருகிட்டிருந்தேன். அது ஒரு பதமுங்க. கால் திருப்பு கூடுனாலும் அமுந்து போயிரும், கால் திருப்பு கொறைஞ்சாலும் சூடாயிரும். கொஞ்சம் கொஞ்சமாத் திருகி, திருகி, அந்தப் பதம் வந்துது. அப்படியே பாடுச்சு. என்ற கண்ணுல தண்ணி வந்துருச்சு, நெசமாச் சொல்றேன். நடுவுல ஒருக்காத் திரும்பிப் பாத்தேன். வால் மேலயே நெஞ்சை வெச்சுச் சாஞ்சுட்டிருந்தா. பரவாயில்லை, நல்லா அமுக்கிப் புடிச்சிருக்கறாளேன்னு நினைச்சேன். அந்த நேரத்துல நிறுத்தவா முடியும்? பதம் வந்திருக்கறப்ப நிறுத்துனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். டேங்க்குல இருந்த பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓட விட்டேன். அதுவா நின்னுச்சு.

அம்மணி, போதும் விட்டுருன்னேன். விடலை.

புடிச்ச புடியை விடலைங்க அவ. வெரலை ஒவ்வொண்ணா நான்தான் எடுத்தேன்.

டாக்டரு வந்து பாத்துட்டு, உசுரு முன்னாடியே போயிருக்கும்னாரு. எப்ப போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும், அந்தச் சத்தத்துல. அவ கூப்பிட்டிருந்தாக்கூடக் கேட்டிருக்காது. கூப்பிட்டிருக்க மாட்டா. அவ சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

அதை விடுங்க. உள்ள கையை விட்டு முடுக்கறேன், நீங்க அசையாம நில்லுங்க.

இப்ப இதைக் கேளுங்க, இதுலதான் நியாயம் வேணும் எனக்கு. அவளை ராத்திரி பூரா இந்தப் பெட்டியில வெச்சிருந்தோம், நேத்துக் காலையில வெள்ளிங்கிரி வந்தான். பூங்கோதையும் வந்தா. சொந்தம் பூரா கூடியிருச்சு. புருசன் வீட்டுக்குக் கொண்டுபோயித்தான காரியம் பண்ணணும், அதுக்கு வண்டியோட வந்திருந்தான். என்னைப் பாக்கவே இல்லை. நேரா வந்து பெட்டி மேல கையை வெச்சுட்டு நின்னான். நான் பக்கத்துல போயி, சத்தம் போடாம, ரொம்பத் தன்மையாத்தானுங்க கேட்டேன். மச்சான், ரெக்கையைக் கொண்டாந்தியான்னு.

எங்க சித்தப்பா என்ற கையைப் புடிச்சு இழுத்தாரு. ஏண்டா, இதா நேரம்கறாரு. இது நேரம் இல்லைன்னா எது நேரம்? அவளை எடுத்துட்டுப் போயிட்டான்னா அப்பறம் அவனுக்கும் எனக்கும் என்ன இருக்குது? இந்த வாசப்படி மிதிப்பானா? நான் அங்க போக முடியுமா? நேத்து விட்டா ஆயுசுக்கும் ரெக்கை வராதுங்க. குடுத்துட்டு எடுத்துட்டுப் போன்னு மட்டுந்தான் சொன்னேன். வாசல்ல நின்னேன். மறிச்சேன்னு சொல்றாங்க. நான் நின்னேன், அவ்வளவுதான். என்ற வீட்டு வாசல்ல நான் நிக்கக் கூடாதா?

அவன் டிரைவரைக் கூப்பிட்டுச் வீட்டுச் சாவியைக் குடுத்து என்னமோ சொன்னான். வந்த வண்டியே அன்னூருக்குத் திரும்பிப் போச்சு. அது வர்ற வரைக்கும் எல்லாரும் இதே ஹால்ல உக்காந்திருந்தாங்க. ஒப்பாரி வெச்சுட்டிருந்த பொம்பளைங்ககூட நிறுத்திட்டாங்க. பெட்டி மோட்டார் சத்தம் மட்டுந்தான் கேட்டுட்டிருந்துச்சு. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, நான் எங்க பாக்கறது? நான் ப்ளேனைப் பாத்துட்டிருந்தேன்.

வண்டி வந்துது. ரெக்கையை சாந்தாமணி சீலையில சுத்தி வெச்சிருந்தானுங்க. பழைய நூல் சீலை, பச்சையில ஒண்ணு, ஊதாவுல ஒண்ணு. தூசி படாம இருக்கட்டும்னு வெச்சிருப்பான் போலிருக்குது. பிரிச்சுப் பாத்தா ஒரு கீறல் இல்லை. எரிச்சிருப்பான், ஒடைச்சிருப்பான்னு நான் எத்தனை நாள் தூங்காம வெசனப்பட்டிருப்பேன்! சீலை ரெண்டையும் மடிச்சு வண்டியிலயே வெச்சுட்டேன். அடுத்தவன் பொருள் எனக்கு வேண்டாம். ரெக்கையை எறக்குன எடத்துல அவளை ஏத்துனாங்க.

கோடிச் சீலை எடுத்து வெச்சிருந்தேன். செத்தவ மேல பொறந்த வீட்டுக் கோடி அண்ணன்தான போடணும்? அப்பத்தான் வெள்ளிங்கிரி வாயத் தொறந்தான். உன்ற கோடி வேண்டாம், நீ சுடுகாட்டுக்கும் வர வேண்டாம்னுட்டான். அவ்வளவு சனத்துக்கு முன்னாடி. கூடப் பொறந்தவனுங்க நான். தூக்கி வளத்தவன். அவளுக்கு நடக்கப் பழக்கி விட்டவன். அண்ணன் கோடி இல்லாமப் போயிருக்குது அந்தப் புள்ளை. ரெக்கையைக் குடுத்துட்டு எதுக்கு அந்த வார்த்தையைச் சொல்லணும்? அந்தச் சீலை அந்தா பீரோ மேல அப்படியே கெடக்குது.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

ம். இப்பக் கையை விடலாம். விடுங்க. பாத்தீங்களா? நிக்குது. தள்ளி வந்து பாருங்க, வாசல்ல இருந்து பாருங்க. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஹாலே பத்தலை. இடது ரெக்கை முனையில மட்டும் ஒரு நூல் வளைவு இருக்குது, உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது. வெயில் படற எடத்துல வெச்சிருப்பான். பரவாயில்லை, இஸ்திரிப் பெட்டி வெச்சுச் சரி பண்ணிக்கலாம்.

பூங்கோதைங்களா? அவளும் அதே வண்டியில ஏறிப் போயிட்டா. காரியத்துக்குப் போறா, முடிச்சுட்டு வந்துருவான்னுதான் நினைச்சேன். வண்டியில ஏறறதுக்கு முந்தி திரும்பி எங்கிட்ட வந்தா. அழுகலை. பக்கத்துல வந்து மெதுவாக் கேட்டா. "ஏனுங்க, உங்க தங்கச்சியை அனுப்பறதுக்கு ரெக்கையைக் கேட்டு வாங்கிட்டீங்க. எங்கண்ணன் வீட்டுல இருந்து நான் திரும்பி வர்றதுக்கு என்ன கேப்பீங்க? இப்பவே சொல்லிருங்க, எடுத்து வெச்சர்றோம்"னா.

அப்ப இருந்த பதட்டத்துல எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியலை. அவ ஏறிப் போயிட்டா. ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுட்டிருந்தேன். அவ இல்லாம இந்த வீட்டுல வெளக்குக்கூட ஏத்தலைங்க. எனக்கு அவ வரணும். வேற யாரு இருக்கறாங்க எனக்கு, சொல்லுங்க.

நீங்க அடுத்து எந்தப் பக்கம் போறீங்க? கோயில்பாளையமா? அப்ப அன்னூரு அதே ரோடுதான். பஸ் ஸ்டாண்டு தாண்டி வாழைத் தோட்டத்துக்கார வெள்ளிங்கிரி வீடுன்னா யாரும் சொல்லுவாங்க. இன்னைக்குப் பந்தல் போட்டிருக்கும். பூங்கோதையைக் கூப்பிட்டு வெச்சு, நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவ கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. ப்ளேனோட ரிமோட்டு அங்கதான் இருக்குது, ரெக்கையை எடுத்துட்டுப் போனப்பவே அவன் அதையும் எடுத்துட்டுப் போயிட்டான், நேத்துக் கேக்க மறந்துட்டேன். வரும்போது அதைக் கையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுங்க.